வாய் நீளமா, குட்டையா

புழுவைப் பார்த்து நான் பயந்ததே இல்லை. பாலக்கோட்டில் ஒரு சின்ன லேபில் பல வருடங்களாக வேலை பார்க்கிறேன். இரத்தம், சிறுநீர், சளி, மலம் என்று மனிதர்கள் பிறருக்குக் காட்ட விரும்பாத எல்லாவற்றையும் கண்ணாடித் துண்டில் தடவி மைக்ராஸ்கோப்பில் பார்ப்பதுதான் என் பிழைப்பு. கொக்கிப்புழு முட்டையைப் பார்த்து முடித்துவிட்டு, கையைச் சோப்புப் போட்டுக் கழுவிக்கொண்டு, எலுமிச்சைச் சாதத்தை நிம்மதியாகச் சாப்பிட என்னால் முடியும். டப்பாவை நீட்டும்போதே மூக்கைப் பொத்திக்கொள்கிறவர்களைக் கண்டால் எரிச்சல் வரும். உங்க வயித்துல இருந்து வந்ததுதானே என்று கேட்டே இருக்கிறேன். எனக்கு வாய்த்துடுக்கு அதிகம். எங்கள் ஓனர் இதற்காகவே என்னை முன் மேஜையில் உட்கார வைப்பதில்லை.

அப்படிப்பட்ட நான், போன கார்த்திகையில் ஒரு திங்கட்கிழமை காலை, மைக்ராஸ்கோப்பிலிருந்து கண்ணை எடுக்க முடியாமல் உட்கார்ந்திருந்தேன். ஸ்லைடில் ஒரு புழுக்குஞ்சு உயிரோடு நெளிந்துகொண்டிருந்தது. அதைப் போல ஆயிரம் பார்த்தவள்தான் நான். ஆனால் அந்த டப்பாவின் சீட்டில் இருந்தது என் மாமியாரின் பெயர். என் கையாலேயே எழுதி ஒட்டியிருந்தேன்.

என் மாமியாருக்கு ஐம்பத்தெட்டு வயது. ஒன்றரை ஏக்கரில் தக்காளி வைத்திருக்கிறோம், அதில் பாதி வேலை அவருடையது. வீட்டிலிருந்து செருப்புப் போட்டுக்கொண்டுதான் கிளம்புவார். வரப்புக்குப் போனதும் செருப்பு அங்கேயே நின்றுவிடும், அவர் மட்டும் உள்ளே இறங்கிவிடுவார். என் வீட்டுக்காரர் தக்காளி ஏற்றிக்கொண்டு வண்டி ஓட்டுகிறவர், வாரத்தில் பாதி நாள் ஊரில் இருக்க மாட்டார். எங்களுக்கு நாலரை வயதில் ஒரு மகள். அங்கன்வாடி விட்டதிலிருந்து நான் வேலை முடிந்து வரும்வரை அவளைப் பார்த்துக்கொள்வது மாமியார்தான். இப்படி எல்லோரும் ஒருவரையொருவர் நம்பித்தான் வீடு ஓடுகிறது. ஆனாலும் மாமியாரும் நானும் தினம் ஒரு தடவையாவது முட்டிக்கொள்ளாமல் இருந்ததில்லை.

அந்த வருடம் அவருக்கு முதலில் வாயில் புண் வந்தது. பிறகு முதுகிலும் மார்பிலும் கொப்புளம் கொப்புளமாகக் கிளம்பியது. தொட்டால் உடைந்து, தோல் வழன்று வந்துவிடும். சேலை பட்டாலே துடித்துப்போவார். தருமபுரியில் ஒரு தோல் டாக்டரிடம் கூட்டிப்போனேன். பாலக்கோடு பக்கத்து நோயாளிகளுக்கு டெஸ்ட் எழுதினால் எங்கள் லேபுக்கே அனுப்புகிறவர் அவர், அதனால் என்னைத் தெரியும். உடம்பு தன் தோலையே பகையாளி என்று நினைத்துத் தாக்கும் வியாதி இது, ஸ்டீராய்டு மாத்திரைதான் வழி என்றார். இரண்டு வாரத்துக்குக் கொஞ்சமாகக் கொடுத்துப் பார்த்தார். அடுத்து டோஸைப் பெரிதாகக் கூட்ட வேண்டியிருந்தது.

கூட்டுவதற்கு முன் என்னைத் தனியாகக் கூப்பிட்டுச் சொன்னார்.

"உங்களுக்குச் சொன்னாப் புரியும். மண்ணுல வெறுங்காலோட நடக்கிறவங்க உடம்புல ஒரு புழு இருக்கலாம். வருஷக்கணக்கா சத்தமே இல்லாம இருக்கும். ஸ்டீராய்டு போட்டு உடம்போட எதிர்ப்ப அடக்கிட்டோம்னா பெருகிப் போயி நுரையீரல், மூளைன்னு ஏறிடும். அப்புறம் காப்பாத்துறது கஷ்டம். மோஷன் பாத்துட்டு போன் பண்ணுங்க. அதுவரைக்கும் கூட்ட வேணாம். ரொம்ப நாள் தள்ளவும் கூடாது, கொப்புளம் பரவுனா அதுவே ஆபத்து."

வீட்டுக்கு வந்து மாமியாரிடம் டப்பாவை நீட்டினேன். கரண்டி வைத்த மூடியோடு எங்கள் லேப் டப்பா. அவர் அதைத் தொடவே இல்லை.

"இதுல போட்டு உன் கையில குடுக்கணுமா?"

"ஆமாங்க அத்தை. நான்தான பாக்கப் போறேன்."

"எந்த வூட்லயாவது மாமியா மருமவ கையில இதக் குடுப்பாளா? அதுவும் நீ பெருசாக்கி வேற பாப்பியாமே!"

மூன்று நாள் இழுத்தார். வெள்ளிக்கிழமை ஆகாது என்றார். சனிக்கிழமை வரவே இல்லை என்றார். ஞாயிற்றுக்கிழமை நான் கத்தினேன். உயிர் முக்கியமா வெட்கம் முக்கியமா என்று கேட்டேன். எழுந்து போனார். திங்கட்கிழமை காலையில் நான் ஸ்கூட்டியை எடுக்கப் போனபோது, இரண்டு பைக்குள் சுற்றி முடிச்சுப் போட்ட பொட்டலம் ஒன்று கேட்டருகே தக்காளி டிரேயில் இருந்தது. மாமியார் வயலின் மறு கோடியில் எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்றார். எனக்குச் சிரிப்பு வந்தது. அப்பாடா, ஒரு வேலை முடிந்தது என்று அதை எடுத்துக்கொண்டு கிளம்பினேன்.

சிரித்த நான் ஒரு மணி நேரத்தில் அந்த ஸ்லைடின் முன்னால் உட்கார்ந்திருந்தேன்.

டிப்ளமோ படித்தபோது எங்களுக்கு ஒரு மேடம் இருந்தார். உருளைப்புழுக்களின் வகைப்பாட்டைக் கரும்பலகை முழுக்கக் கிளை கிளையாக வரைவார். வரிசை, குடும்பம், பேரினம், சிற்றினம் என்று போய்க்கொண்டே இருக்கும். நான் பரீட்சைக்காக மனப்பாடம் செய்தேன், பரீட்சை முடிந்ததும் மறந்தேன். எந்தக் குடும்பமாக இருந்தால் என்ன, எல்லாவற்றுக்கும் ஒரே பூச்சி மாத்திரைதானே என்பது என் எண்ணம். புழுவுக்குப் போய்க் குலம் கோத்திரம் பார்க்கிறார்களே என்று பக்கத்தில் இருந்தவளிடம் சொல்லிச் சிரித்து, வகுப்பை விட்டு வெளியே நின்றதும் உண்டு.

கொக்கிப்புழு ஒரு குடும்பம். டாக்டர் சொன்ன புழு வேறு குடும்பம். அதற்கு வாயில் நுழையாத பெயர், லேபில் நாங்கள் நூல்புழு என்று சொல்லிக்கொள்வோம். இரண்டும் ஈரமண்ணில் காத்திருந்து, வெறுங்காலின் தோலைத் துளைத்து ஏறி, நுரையீரல் வழியாகச் சுற்றிக்கொண்டு குடலுக்கு வந்து சேரும். வழி ஒன்றாக இருப்பதால் அண்ணன் தம்பி என்று நினைத்துவிடலாம். கிளையைப் பார்த்தால் அப்படி இல்லை. நூல்புழுவின் நெருங்கிய சொந்தமெல்லாம் மண்ணில் கிருமிகளைத் தின்றுகொண்டு யாருக்கும் தொந்தரவு தராமல் கிடக்கும் புழுக்கள். இதுவும் மண்ணில் இருக்கும்போது ஆணும் பெண்ணுமாகத்தான் வாழும். குடலுக்குள் வந்துவிட்டால் பெண் மட்டும்தான், ஆண் துணையே இல்லாமல் முட்டையிடும். மண்ணில் கண்டதை ஒரு புழு என்றும் குடலில் கண்டதை வேறொரு புழு என்றும் ஆரம்பத்தில் தனித்தனியாகப் பெயர் வைத்திருந்தார்களாம். இரண்டும் ஒன்றே என்று பிறகுதான் தெரிந்ததாம். அதை மேடம் சொன்னபோது வகுப்பே சிரித்தது.

சிரிக்க முடியாத பகுதி இனிமேல்தான். கொக்கிப்புழு முட்டையாகத்தான் வெளியே வரும். நூல்புழுவின் முட்டை குடலுக்குள்ளேயே பொரித்துக் குஞ்சாக வரும். சில குஞ்சுகள் வெளியே வராமல் உள்ளேயே குடலைத் துளைத்துக்கொண்டு மறுபடியும் ஒரு சுற்றுப் போகும். அதனால் ஒரு தடவை ஏறியது ஆயுசுக்கும் இருக்கலாம். உடம்புக்குத் தெம்பு இருக்கிறவரை அது அடங்கிக் கிடக்கும். ஸ்டீராய்டு உள்ளே போனால் அடங்காது.

ஆக, குஞ்சைப் பார்த்தால் நூல்புழு என்று எழுதிவிடலாமா என்றால் அதுவும் முடியாது. மலத்தை ஒரு பகல் வெயிலில் வைத்திருந்தால் கொக்கிப்புழு முட்டையும் டப்பாவிலேயே பொரித்துவிடும். இரண்டு குஞ்சும் பார்க்க ஒன்றுபோலவே இருக்கும். அப்போது வாயைத்தான் பார்க்க வேண்டும். வாய்க்குழி நீளமாக இருந்தால் கொக்கிப்புழு, குட்டையாக இருந்தால் நூல்புழு. "வாயப் பாருங்கம்மா, வாயப் பாருங்க" என்று மேடம் ஒவ்வொரு மேஜையாக வந்து சொல்வார்.

உண்மையைச் சொல்ல வேண்டும். இத்தனை வருடத்தில் நான் அந்த வாயைப் பார்த்தது மிகச் சில தடவைதான். குஞ்சு தெரிந்தால், சாம்பிள் பழசாக இருக்கும் என்று முடிவுகட்டி, கொக்கிப்புழு என்று எழுதித் தள்ளியிருக்கிறேன். காத்திருக்கிற கூட்டம் அப்படி. அந்தத் திங்கட்கிழமை அந்தச் சீட்டுகள் எல்லாம் ஞாபகத்துக்கு வந்தன. அதில் யாருக்கு யார் எந்த மாத்திரை கொடுத்தார்களோ.

ஒரு சொட்டு அயோடின் விட்டேன். குஞ்சு நெளிவதை நிறுத்தியது. பெரிய லென்ஸை இறக்கி, தலைப்பக்கத்தைத் தேடிப் பிடித்தேன். வாய் குட்டை. அப்படி இருக்காது என்று கண்ணைத் துடைத்துக்கொண்டு மறுபடி பார்த்தேன். குட்டைதான். உடம்பின் நடுவில், பின்னாளில் கருப்பையோ விதைப்பையோ ஆகப்போகிற சிறு கூடு இருக்கும். நூல்புழுவில் அது பெரிதாகத் தெரியும், கொக்கிப்புழுவில் தேட வேண்டும். இங்கே தேடவே வேண்டியிருக்கவில்லை. இன்னும் இரண்டு ஸ்லைடு போட்டேன். இரண்டிலும் இருந்தது. முட்டை என்று ஒன்றுகூட இல்லை.

மாமியாருக்குப் போன் போட்டேன்.

"அத்தை, அது எப்பப் போனது?"

"எது?"

"டப்பாவுல வெச்சீங்களே."

"காத்தாலதான். ஏன்?"

"தரையில இருந்து எடுத்தீங்களா? மண்ணு கிண்ணு பட்டுச்சா?"

"ஏன் இப்படி நோண்டுற? பேப்பர் மேல இருந்துதான் எடுத்தது. வையி போன."

பேசும்போது இரண்டு தடவை இருமினார். வறட்டு இருமல். அது எப்போதிலிருந்து என்று யோசித்தேன். மூன்று நாளா, நாலு நாளா? குளிர்காலத்து இருமல் என்று நானே மிளகு தட்டிப் போட்டுக் கொடுத்திருந்தேன். இரண்டு வாரமாக ஸ்டீராய்டு உள்ளே போயிருக்கிறது. இருமல் வந்திருக்கிறது. அதற்கு மேல் என்னால் யோசிக்க முடியவில்லை.

டாக்டரைக் கூப்பிட்டேன். நிதானமாகக் கேட்டுக்கொண்டார். "இன்னைக்கே கூட்டிட்டு வாங்க. மாத்திரைய நீங்களா நிறுத்திடாதீங்க, திடீர்னு நிறுத்துறதும் தப்பு. இருமல் இருக்கா?" என்றார். இருக்கிறது என்றதும், உடனே கிளம்புங்க என்றார்.

ஓனரிடம் சொல்லிவிட்டுப் பேருந்து நிலையத்தில் போய் நின்றேன். மாமியார் டவுன் பஸ்ஸில் வந்து இறங்கினார். வீட்டில் விட ஆள் இல்லாததால் அங்கன்வாடியிலிருந்து பாப்பாவையும் கூட்டி வந்திருந்தார். தருமபுரி பஸ்ஸில் மூன்று பேர் சீட்டில் உட்கார்ந்தோம். பாப்பா என் மடியில், கையில் முறுக்கோடு. மாமியார் ஜன்னலோரம். சேலை முதுகில் படாமல் இருக்க முன்னால் சாய்ந்தே உட்கார்ந்திருந்தார்.

அவர் கையைப் பார்த்துக்கொண்டே வந்தேன். தக்காளிக் காம்பின் பச்சைக் கறை போகாத விரல்கள். காலையில் எனக்கு டப்பாவில் சோறு கட்டிக் கொடுத்ததும் அந்தக் கைதான். இவர் போய்விட்டால் என்று ஒரு நினைப்பு வந்தது, கண் நிறைந்துவிட்டது. அவரோடு முட்டிக்கொண்டே இருந்ததில் அவர் மேல் எனக்கு இவ்வளவு பிரியம் இருப்பதை நான் கவனிக்கவே இல்லை.

"ஏன் அழுவுற?" என்றார்.

"ஒண்ணும் இல்லைங்க."

"நான் என்னா சாவப் போறனா? என்னாதான் இருந்துச்சு அதுல? சொல்லித் தொலை."

சொல்லியிருக்கக் கூடாது, சொல்லிவிட்டேன். புழு, அது உள்ளேயே பெருகுவது, இந்த மாத்திரை அதைக் கிளப்பிவிடுவது, நுரையீரல், மூளை, எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன். பயத்தை ஒருத்தியாகத் தாங்க முடியவில்லை எனக்கு. அவர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். பயந்துவிட்டார் என்று நினைத்துத் தோளைத் தொட்டேன். திரும்பவில்லை. பஸ் இரண்டு நிறுத்தம் தாண்டியது.

"அது என்னுது இல்ல," என்றார்.

"எது?"

"நீ பாத்தது. டப்பாவுல இருந்தது என்னுது இல்ல."

எனக்குக் கோபம்கூட வரவில்லை, முதலில் நிம்மதிதான் வந்தது. அப்படியே அவரைக் கட்டிக்கொள்ளலாம் போல இருந்தது. பிறகுதான், அப்படியென்றால் யாருடையது என்ற கேள்வி வந்தது. நான் கேட்பதற்குள் அவர் என் மடியைப் பார்த்தார்.

"பாப்பாவுது. காத்தால பேப்பர்ல இருந்தா, அதுல கொஞ்சம் எடுத்து வெச்சேன். ஒரே சோத்தத்தான எல்லாரும் திங்கிறோம், ஒரே தண்ணியத்தான குடிக்கிறோம், யாருதா இருந்தா என்னான்னு நெனச்சேன். கொழந்தைக்கு என்னா இருக்கப் போவுது, நல்லதாத்தான் வரும், நீயும் நிம்மதியா இருப்பேன்னு..."

நான் போட்ட சத்தத்தில் முன் சீட்டு, பின் சீட்டு எல்லாம் திரும்பிப் பார்த்தது. என்னென்ன சொன்னேன் என்று எழுத மாட்டேன். மருமகள் மாமியாரை நாலு பேர் முன்னால் சொல்லக் கூடாத வார்த்தையும் அதில் இருந்தது. கண்டக்டர் வந்து, "அம்மா, கொழந்த பயப்படுது பாருங்க," என்றார். பாப்பா முறுக்கை வாயில் வைத்தபடியே என்னைப் பார்த்து விழித்துக்கொண்டிருந்தாள்.

அவளை இறுக்கிக்கொண்டேன். வெதுவெதுவென்று இருந்தாள். அங்கன்வாடி விட்டால் வயலில் சொட்டு நீர்க் குழாய் ஓரத்து ஈரத்தில் விளையாடுகிறவள். அங்கன்வாடியில் ஆறு மாதத்துக்கு ஒரு தடவை பூச்சி மாத்திரை கொடுக்கிறார்கள், அது போதும் என்று இருந்துவிட்டேன். அந்த ஒரு மாத்திரைக்கு இந்தப் புழுக் குடும்பம் அவ்வளவு லேசில் அசையாது என்று எனக்குத் தெரியும். தெரிந்ததை என் வீட்டுக்குப் பொருத்திப் பார்க்கத் தோன்றவில்லை. பரவாயில்லை, குழந்தைதானே, ஸ்டீராய்டு சாப்பிடுகிறவள் இல்லையே, மாத்திரை கொடுத்தால் சரியாகிவிடும் என்று மனதைத் தேற்றப் பார்த்தேன்.

அப்போதுதான் சிரப் நினைவுக்கு வந்தது.

பாப்பாவுக்குச் சளி பிடித்தால் மூச்சு இழுக்கும். இரண்டு வயதில் ஒரு டாக்டர் மூன்று நாளைக்கு மட்டும் என்று ஒரு சிரப் எழுதினார். கேட்டது. அதற்கப்புறம் ஒவ்வொரு தடவை இழுக்கும்போதும், எதற்கு டாக்டருக்கு அலைய வேண்டும், எனக்குத் தெரியாததா என்று அதே சிரப்பை நானே மெடிக்கலில் வாங்கிக் கொடுப்பேன். லேப் அம்மா என்பதால் கடையில் சீட்டும் கேட்க மாட்டார்கள். ஐப்பசியில் ஐந்து நாள் கொடுத்திருந்தேன். அதற்கு முன்னால் ஆவணியில். அதற்கு முன்னால் எத்தனை என்று விரல் மடக்கிப் பார்த்தேன், கணக்கு வரவில்லை. அந்தச் சிரப் என்ன என்று எனக்கு நன்றாகவே தெரியும். அது ஸ்டீராய்டு.

அதன் பிறகு மாமியாரைத் திட்டுவதற்கு வாய் இல்லாமல் போய்விட்டது.

தோல் டாக்டரின் மனைவி குழந்தைகள் டாக்டர். இரண்டு பேருக்கும் அடுத்தடுத்த அறை. நடந்ததைச் சொன்னதும் தோல் டாக்டர் தலையில் கை வைத்துக்கொண்டார், பிறகு மாமியாரின் நெஞ்சில் குழாயை வைத்துப் பார்த்துவிட்டு, "சாதா சளிதான். ஆனா உங்களுதையும் மூணு நாள் பாத்தே ஆகணும். ஒரு நாள் பாத்தா மாட்டாமப் போகலாம்," என்று சொல்லி எங்களைப் பக்கத்து அறைக்கு அனுப்பினார். மாமியார் வெளியே நிற்கிறேன் என்றார். டாக்டரம்மா எல்லோரும் வாங்க என்றார்.

முதலில் எடை பார்த்தார். இந்தப் புழுவுக்கு நன்றாகக் கேட்கும் மாத்திரை பதினைந்து கிலோவுக்கு மேல் இருந்தால்தான் தைரியமாகக் கொடுக்கலாம் என்றார். செருப்பைக் கழற்றி, முறுக்கை வாங்கி வைத்துக்கொண்டு பாப்பாவை எந்திரத்தில் நிற்க வைத்தேன். அவள் ஆடிக்கொண்டே இருந்தாள். முள்ளும் பதினான்குக்கும் பதினாறுக்கும் நடுவில் ஆடியது. "அசையாம நில்லு சாமி," என்றார் மாமியார். அவள் பாட்டி சொன்னால் கேட்பாள். நின்றாள். முள் பதினைந்தைத் தாண்டி ஒரு கோடு தள்ளி நின்றது. ஒரு கோடுதான்.

டாக்டரம்மா எழுதத் தொடங்கினார். எழுதிக்கொண்டே கேட்டார்.

"இருமல், மூச்சிழுப்பு உண்டா?"

"இருக்கு மேடம். சளி பிடிச்சா இழுக்கும்."

"இந்தப் புழு நுரையீரல் வழியா போறப்பவும் அப்படி வரலாம். உறுதியாச் சொல்ல முடியாது. அதுக்கு என்ன குடுத்தீங்க? ஸ்டீராய்டு சிரப் எதாவது?"

டாக்டரம்மா நிமிர்ந்து பார்த்தார். மேஜைக்கு அடியில் பாப்பாவின் கையைப் பிடித்திருந்தேன், அவள் வலிக்குதும்மா என்றாள்.

"நான்தாங்கம்மா குடுத்தேன்," என்றார் மாமியார்.

அவர் கதவருகே நின்றபடியே சொன்னார். "கொழந்த மூச்சு வாங்குதேன்னு, பழைய பாட்டல எடுத்துக்கினு போயிக் கடையில காட்டி வாங்கி ஊத்துனேன். நாலஞ்சு தபா இருக்கும். இவ வேலைக்குப் போயிருவா, இவளுக்குத் தெரியாதுங்க."

டாக்டரம்மாவுக்குக் கோபம் வந்துவிட்டது. பெரியவங்க நீங்களே இப்படிச் செய்யலாமா, இது விளையாட்டு மருந்தா, உங்களுக்கே ஸ்டீராய்டு கொடுக்கப் பயந்துகிட்டு இருக்கோம், பிஞ்சுக் குழந்தைக்கு இஷ்டத்துக்கு ஊத்தியிருக்கீங்க, குழந்தை பிழைச்சிருக்கிறதே பெரிய விஷயம், வீட்டுல லேப்ல வேலை செய்யற பொண்ணு இருக்கா, அவகிட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே என்று விளாசித் தள்ளினார். மாமியார் ஆமாங்க, தப்புதாங்க என்று ஒவ்வொன்றுக்கும் தலையாட்டினார். முதுகு எரிச்சலில் நேராகக்கூட நிற்க முடியாமல் கதவைப் பிடித்துக்கொண்டிருந்தார்.

நான் வாயைத் திறக்கவில்லை. திறக்க வேண்டும் என்று தோன்றியது. இப்போது சொல்லலாம், இந்த வாக்கியம் முடியட்டும், சொல்லலாம் என்று நினைத்துக்கொண்டே உட்கார்ந்திருந்தேன். டாக்டரம்மா சீட்டைக் கிழித்து என்னிடம் நீட்டி, "நீங்க கொஞ்சம் கண்டிச்சு வைங்க," என்றார். சரிங்க மேடம் என்று வாங்கிக்கொண்டேன்.

திரும்பி வரும் பஸ்ஸில் பாப்பா அவர் மடியில் தூங்கிவிட்டாள். ஏன் அப்படிச் சொன்னீங்க என்று கேட்டேன். குரல் எனக்கே கேட்காத அளவுக்குத்தான் வந்தது.

"பின்ன, உன்னத் திட்டச் சொல்றியா? உன் பேச்ச நம்பித்தான அவங்க ரெண்டு பேரும் ஊராருக்கு மருந்து எழுதுறாங்க. நாளைக்கு நீ புழு இருக்குதுன்னு எழுதிக் குடுத்தா நம்ப வேணாமா? என்னத் திட்டிட்டுப் போறாங்க. நான் என்னா டெஸ்டா எழுதப் போறேன்?" என்றார். கொஞ்ச நேரம் கழித்து, "அந்த பாட்டிலத் தூக்கிக் கடாசு," என்றார்.

சிரப் எத்தனை தடவை, யார் கையால் என்பதெல்லாம் அவருக்குத் தெரிந்தே இருந்திருக்கிறது. ஒரு தடவைகூட அதை எடுத்து என் மேல் வீசியதில்லை. அன்று பஸ்ஸில் அவரை நான் அவ்வளவு பேசியபோதும் வீசவில்லை.

அடுத்த மூன்று நாளும் அவருடைய டப்பா என் கைக்கே வந்தது. முகத்தைத் திருப்பிக்கொண்டுதான் கொடுத்தார். ஒவ்வொரு ஸ்லைடையும் ஓரத்திலிருந்து ஓரம்வரை தேடினேன். எதுவும் அகப்படாத ஸ்லைடைப் பார்ப்பது, அகப்பட்டதைப் பார்ப்பதைவிடப் பயமாக இருந்தது. நான் விட்டுவிட்டேனோ, அடுத்த வரிசையில் இருக்குமோ என்று கண் எரிய எரியப் பார்த்தேன். மூன்று நாளும் இல்லை. இருந்தாலும் ஒரு முன்னெச்சரிக்கையாக அவருக்கும் அந்த மாத்திரையைக் கொடுத்துவிட்டுத்தான் டாக்டர் டோஸைக் கூட்டினார். என்னுடையதையும் வீட்டுக்காரருடையதையும் பார்த்தேன், இல்லை.

பாப்பாவுக்கு இரண்டு நாள் மாத்திரை, இரண்டு வாரம் கழித்து மறுபடியும். அந்த நாட்களில் அவள் தூக்கத்தில் இருமினால் எழுந்து உட்கார்ந்துகொள்வேன். அதற்குப் பிறகு பல தடவை பார்த்துவிட்டேன். குஞ்சு எதுவும் இல்லை. மாமியாருக்குத் தை பிறந்ததும் கொப்புளம் காய்ந்தது. இப்போது வயலுக்குள்ளும் செருப்போடுதான் போகிறார், சேறு அப்பிய செருப்பைத் திட்டிக்கொண்டே. லேபில் இப்போது நான் குஞ்சு எதைப் பார்த்தாலும் வாயைப் பார்க்காமல் எழுதுவதில்லை. கூட்டம் முணுமுணுக்கிறது, முணுமுணுக்கட்டும்.

மாத்திரைக்காக மாமியாரை இன்னும் மாதம் ஒரு தடவை தருமபுரிக்குக் கூட்டிப்போகிறேன். போன வாரமும் போனோம். வராந்தாவில் டாக்டரம்மா எதிரே வந்தார். எங்களைக் கண்டதும் நின்று, பக்கத்திலிருந்த நர்ஸிடம், "இந்தப் பாட்டிதான், டாக்டர் கணக்கா சிரப் ஊத்துவாங்க, ஜாக்கிரதை," என்று சிரித்தார். நர்ஸும் சிரித்தார். மாமியாரும் வெட்கத்தோடு சேர்ந்து சிரித்தார். என் பக்கம் அவர் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. நான் அவர் பையை வாங்கிக்கொண்டு டோக்கன் போடப் போனேன்.